சுவரின் கணக்கு

ஆறரைக்கே போய் நின்றேன், மலம்புழா ஜெயில் வாசலில்.
முதலில் கண்ணில் படுகிறவன் யார் என்பது முக்கியம்.
போன மாதம் வேலப்பனுக்கு நான் பத்து நிமிஷம் பிந்தினேன்.
ஒரு கூட்டாளி பைக்கோடு முந்தியிருந்தான்,
டேங்க் கவரில் அரை பாட்டில் செருகி.
வேலப்பன் எனக்குக் கைகாட்டிவிட்டு ஏறிப் போனான்.
நல்ல பையன். இப்போதும் நல்ல பையன்தான்.

குருந்தாசலம் வெளியே வந்தபோது எட்டு பத்து.
ஒரு துணிப்பை, கூலிக் காசு இருந்த கவர்,
அவனே சுட்ட சப்பாத்தி ஒரு பொட்டலம்.
நகக்கண்ணில் இன்னும் மாவு.
ரோட்டைப் பார்த்து இடது வலது தெரியாமல் நின்றான்,
லாரி ஓட்டினவன்.
"கவரை நீங்களே வச்சுக்குங்க."
அதுதான் முதல் பேச்சு.
வாங்கி லாட்டரிப் பைக்குள் போட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் நான் உட்கார்ந்துகொண்டேன்.
பாலக்காட்டில் பூட்டிய கடை முன்னால் ஒரு வரிசை,
பிரசாதத்துக்கு நிற்பதுபோல் அத்தனை ஒழுங்கு.
அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தான்.

சித்தூர் தாண்டினால் தென்னந்தோப்பு,
மரத்துக்கு மரம் பாளையில் கலயம்.
காற்று திரும்பியதும் அந்தப் புளித்த வாசம்
டிக்கெட் எடுக்காமல் ஏறி
எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தது.
மூச்சைப் பிடித்தான்.
எத்தனை கிலோமீட்டர் பிடிப்பாய், தம்பி?
"விடு. வாசம் குடியாகாது" என்றேன்.
பொட்டலத்தைப் பிரித்து
வெறும் சப்பாத்தி ஆளுக்கொன்று தின்றோம்.

"உள்ளே தொள்ளாயிரத்து நாப்பது நாள் தொடலைங்க.
கணக்குல சேருமுங்களா?"

வியாழக்கிழமை தோறும் அந்த அறையில்
பெஞ்சைத் தட்டி நான் சொல்வதுதான்:
அது சுவரின் கணக்கு.
சுவர் குடிக்காது, அதற்கு மாலை போட முடியாது.
உன்னுடையது கேட்டுக்கு வெளியே தொடங்கும்.
சொல்லும்போதெல்லாம் சரியாகத்தான் ஒலித்தது.
என் கணக்கும் ஒருமுறை அழிந்தது,
பதினோராம் மாதம், மகள் நிச்சயதார்த்தத்தன்று,
எச்சில் டம்ளர்களை அடுக்கி எடுத்துப் போகையில்.

கொழிஞ்சாம்பாறையில் பாதி பஸ் காலியானது.
"ஒரு நாள் மட்டும் என்னுதுங்க" என்றான்.
ஓணத்துக்கு முந்தின ராத்திரி.
சமையல்கட்டுக்குப் பின்னால்
அழுகின அன்னாசியும் வெல்லமும் போட்டு
எவனோ வாளியில் ஊறவைத்தது.
அவனுக்கும் ஒரு டம்ளர் வந்தது, பங்கு பிசகாமல்.
வார்டன் தூரத்தில். சுவர்
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.
"வேண்டாம்னு சொல்லலைங்க.
கீழ வச்சுட்டு மாவு பிசையப் போயிட்டேன்.
அந்நேரத்துக்கு யாருக்கும் மாவு வேண்டியதில்லை."

பிறகு அந்த வளைவு.
அவன் லாரி நொங்கு வண்டியின் மேல் ஏறிய இடம்.
அங்கே இன்றும் ஒரு பெண் நொங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
செத்தவருக்கு என்ன உறவோ, உறவே இல்லையோ.
குருந்தாசலம் எழுந்து நின்றான்,
கம்பியைப் பிடிக்காமல்,
வளைவு முடியும்வரை.
கண்டக்டர் ஸ்டாப்பா என்று கேட்டார்.

வேலந்தாவளம்.
இந்தப் பக்கம் கள்ளுக்கடை, அந்தப் பக்கம் டாஸ்மாக்,
இடையில் என் லாட்டரிக் கடை.
கோயம்புத்தூர்க்காரர்கள் எல்லை தாண்டி வந்து
அதிர்ஷ்டம் வாங்குகிற இடம்.
பூவாத்தாள் போனில் சொல்லியிருந்தாள்:
"ஆறு மாசம் போகட்டுமுங்க.
புள்ளைங்க இப்பத்தான் ராத்திரி தூங்குதுங்க."
பாயை விரித்த பிறகுதான் அதை அவனிடம் சொன்னேன்.
தலையாட்டினான்.
தலையணை வேண்டாம் என்றான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
போன வாரத்து விற்காத சீட்டு ஒன்றைத் திருப்பி நீட்டினேன்.
"எத்தனையாவது நாள்? எழுது."
பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தான்.
வெளியே யாரோ பாட்டில் உடைத்தார்கள்,
எந்த மாநிலத்தில் என்று தெரியவில்லை.

இரண்டு என்று எழுதினான்.
நான் திருத்தவில்லை.